உயிர்வேலியும் மான் மறைவும்

(தருமபுரி ஜில்லாவின் காட்டோரக் கிராமமொன்றில், கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவன் கிராமத்திற்கு வந்தால் கணக்கைப் பார்ப்பான், தவணை தவறிய கடனைப் பற்றிக் கேட்பான், ரொக்க இருப்பை எண்ணுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயமோ மானும் வேலியும். கணக்குப் புத்தகத்திற்கும் மானுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் உண்டு. சங்கத்தில் கடன் வாங்கிப் பயிரிட்ட நிலக்கடலையோ கேழ்வரகோ பலன் கொடுக்கும் சமயத்தில் இரண்டே இரவில் மேய்ந்துபோனால், அந்தக் கடன் பேரேட்டில் தவணை தவறிய கடனாகவே ஏறுகிறது. மான் மேய்ந்தது, பன்றி தோண்டியது என்று எழுதுவதற்குப் பேரேட்டில் பத்தி கிடையாது. நஷ்டம் குடியானவருடையதாகவும், அவப்பெயர் சங்கத்தினுடையதாகவும் ஆகிவிடுகின்றன. ஆகையால் இவ்விஷயத்தைச் சங்கத்தின் காரியமாகவே கருதி உங்கள் முன்பு வைக்கிறேன்.

நமது ஜில்லா காடு சூழ்ந்த ஜில்லா. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் முதலிய தாலூகாக்களில் எத்தனையோ கிராமங்களின் எல்லைக்கல் காட்டின் எல்லைக்கல்லாகவும் இருக்கிறது. காவிரிக்கரைக் காடுகளில் 2014-ஆம் ஆண்டில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022-ஆம் ஆண்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு ஜில்லாக்களின் காடுகளைச் சேர்த்துக் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் ஏற்பட்டன. இக்காடுகளில் யானையும், புள்ளிமானும், கடமானும், காட்டுப்பன்றியும் வாழ்கின்றன. நாமும் வாழ்கிறோம். இரு சாராரும் ஒரே எல்லையில் வாழ்வதென்றால் அந்த எல்லை எப்படி அமைந்திருக்க வேண்டும் என்பதே இன்றைய கேள்வி.

வேட்டை என்பது பழங்கதை

தகடூர் என்று பழம்பெயர் கொண்ட இந்தச் சீமையில் வேட்டையும் காவலும் மிகப் பழைய தொழில்கள். தினைப்புனத்தில் பரண் கட்டிக் கவண் எறிந்து காவல் காத்த வாழ்க்கையைச் சங்க நூல்களில் படிக்கிறோம். பன்றியோடும் புலியோடும் போரிட்டு மாண்டவர்களுக்கு நம் முன்னோர் கல் நட்டார்கள். தருமபுரியிலுள்ள அருங்காட்சியகத்தில் நடுகற்கள் பலவற்றைச் சேர்த்து வைத்திருப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பிரிட்டிஷார் காலத்தில் 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் வந்தபின் காட்டுக்குள் வேட்டையாடுவதற்குக் கட்டுப்பாடுகள் ஏற்பட்டன. ஆயினும் லைசென்சு பெற்றவர் வேட்டையாடும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது.

1972-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அச்சட்டப்படி இன்று புள்ளிமான், கடமான், வெளிமான் ஆகிய எதனையும் வேட்டையாடுவது குற்றம். கண்ணி வைத்தாலும், நாய் விட்டுத் துரத்தினாலும், நாட்டுத் துப்பாக்கியால் சுட்டாலும், அவுட்டுக்காய் வைத்தாலும் வேட்டையே. என் பயிரைத் தின்றது, அதனால் கொன்றேன் என்று சொல்வது சட்டத்தின் முன் சமாதானமாகாது. ஆகையால் மானைக் கொன்று பயிரைக் காப்பது என்ற பேச்சை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டு, மானுக்கும் கேடின்றி, நமக்கும் நஷ்டமின்றி இருக்கும் வழியை ஆராய்வோம்.

மானின் இயல்பு

ஒரு பிராணியைத் தடுக்க வேண்டுமானால் அதன் இயல்பை அறிய வேண்டும். மானுக்கு முக்கியமான ஆயுதம் கொம்பு அன்று. கண்ணும், காதும், மூக்கும், நான்கு கால்களுமே. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், தலையைத் திருப்பாமலே சுற்றுப்புறத்தில் பெரும்பகுதியைக் காணும். சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் அதற்குத் திறமை குறைவு. ஆனால் சிறு அசைவையும் உடனே கண்டுகொள்ளும். அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் மேய்ச்சலுக்கு வரும். ஆபத்து வந்தால் ஓடி ஒளிந்துகொள்ள ஒரு மறைவு அருகில் இருந்தால்தான் திறந்த வெளியில் தைரியமாக மேயும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்குகின்றன. முதலாவது, மறைவு இருக்கும் இடத்தை மான் நாடும். இரண்டாவது, அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் அது குதிக்கத் தயங்கும். கம்பி வேலிக்கு அப்பால் பசுமையான கொள்ளு தெரிந்தால், தாண்டியபின் கால் எங்கே ஊன்றும் என்பதும் தெரிகிறது, ஆகவே தாண்டுகிறது. அதே உயரத்தில் உள்ளே பார்க்க முடியாதபடி அடர்ந்த பசுவேலி இருந்தால், பயிரும் தெரியவில்லை, கால் ஊன்றும் இடமும் தெரியவில்லை. ஆகவே பெரும்பாலும் வேலியோரமாகவே நடந்து போய்விடுகிறது. வேலியின் பலம் அதன் முள்ளில் மட்டும் இல்லை. கண்ணுக்கு இடும் திரையிலும் இருக்கிறது.

அயல்நாட்டார் செய்வது

இதே இயல்பை அயல்நாட்டார் வேறொரு காரியத்திற்காகப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் சட்டப்படி லைசென்சு பெற்று, குறித்த பருவத்தில் மட்டும் மான் வேட்டையாடலாம். அங்கே நிலச்சுவான்தார்கள் பலர் தங்கள் நிலத்தை மான் வேட்டைக்கென்றே பராமரிக்கிறார்கள். அந்நிலத்தில் சாலையோரமாகவும், வேட்டைக்காரன் நடந்துசெல்லும் பாதையோரமாகவும் ஆள் உயரத்திற்கு மேல் வளரும் புல்வகைகளையும், சோள இனத்தைச் சேர்ந்த பயிரையும், என்றும் இலை உதிராத ஊசியிலை மரங்களையும் வரிசையாக நடுகிறார்கள். சாலையில் போகும் வண்டியும் ஆளும் கண்ணில் படாததால் மான்கள் அச்சமின்றிப் பகலிலும் அங்கே தங்குகின்றன; வேட்டைக்காரனும் மறைந்து போய்வருகிறான். ஒரே பருவத்தில் வளர்ந்து மறையும் சோளம் உடனடித் திரையாகவும், பல்லாண்டு வாழும் புல்லும் மரமும் நிலையான திரையாகவும் பயன்படுகின்றன.

இதை நான் சொல்வது நாமும் அவ்வாறு செய்யவேண்டும் என்பதற்காக அன்று. அவர்கள் மானை வரவழைக்கத் திரை நடுகிறார்கள். மான் நமது நிலத்திற்கு வராமலும், அதே சமயம் காட்டுக்குள் சுகமாக வாழவும் வேண்டும் என்பது நமது விருப்பம். ஆகவே அவர்கள் கற்ற பாடத்தை நாம் தலைகீழாகப் படிக்க வேண்டும். அவர்கள் எந்த இடத்தில் புதர் வளர்க்கிறார்களோ, அந்த இடத்தில் மான் தங்குகிறது. அப்படியானால் நமது வயலை ஒட்டிப் புதர்க்காடு இருக்கும்படி விடுவது மானுக்கும் பன்றிக்கும் நாமே விடுதி கட்டிக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

பல கிராமங்களில் இந்தப் பிழையே நடக்கிறது. கழனியோரத்தில் உன்னிச்செடியும் சீமைக்கருவேலும் மண்டிக் கிடக்கின்றன. பகலெல்லாம் காட்டுப்பன்றி அதில் படுத்திருந்து இரவில் நாலடி நடந்து பயிரில் இறங்குகிறது. குடியானவரோ பன்றி மலையிலிருந்து வருவதாக நினைத்து மலைப்பக்கமே காவல் இருக்கிறார். ஆகையால் வேலிக்கும் புதருக்கும் நடுவே 20 அல்லது 30 அடி அகலமாவது வெட்டவெளி இருக்கவேண்டும். பட்டா நிலத்தில் உள்ள புதரை நாமே அகற்றலாம். காட்டு எல்லைக்கு உட்பட்டதானால் வன இலாகாவுக்கு எழுதிக் கேட்கவேண்டும்.

செத்த வேலியும் உயிர்வேலியும்

வருஷந்தோறும் காட்டில் முள் வெட்டி வந்து படல் போடுவது நமது வழக்கம். ஒரு மழையில் மட்கி, ஒரு கோடையில் உலர்ந்து, கறையான் தின்று, மறுவருஷம் மீண்டும் வெட்டவேண்டியதாகிறது. இதில் கூலி நஷ்டம் ஒருபுறமிருக்க, வேறொரு கேடும் உண்டு. காட்டின் ஓரத்தில் இருக்கும் இலந்தையும், சூரையும், காரையும் மானுக்கு இரையாகவும் மறைவாகவும் இருப்பவை. அவற்றை நாம் வெட்டி வெட்டி எடுத்தால், காட்டில் மறைவு குறைந்து மான் வெளியே வருகிறது. மானைத் தடுக்க வெட்டிய முள்ளே மானை நம்மிடம் அனுப்புகிறது. உயிர்வேலி அவ்வாறன்று, ஒருமுறை நட்டால் ஒரு தலைமுறைக்குக் காவல் நிற்கும், காட்டில் கைவைக்க வேண்டியதில்லை.

இதற்கு நல்ல முன்மாதிரி தூரத்தில் இல்லை. காங்கேயம், தாராபுரம் பக்கங்களில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் உண்டு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரும் அந்நிலங்களைச் சுற்றி முள்கிளுவை வேலி அமைத்திருக்கிறார்கள். மழை குறைந்த அந்தச் சீமையில் கிளுவைக் கொம்பை வெட்டி நட்டே அவ்வேலியை உண்டாக்கினார்கள். காங்கேயம் மாடுகள் அவ்வேலிக்குள்ளேயே மேய்ந்து வளர்கின்றன. காளையை உள்ளே நிறுத்தும் வேலி, மானை வெளியே நிறுத்தாதா?

எவற்றை நடலாம்

வெளிவரிசைக்கு முள்ளுள்ள செடியும், உள்வரிசைக்கு இலை அடர்ந்த செடியும் வேண்டும். முள் உடம்பைத் தடுக்கும். இலை கண்ணைத் தடுக்கும்.

வெளிவரிசைக்கு முள்கிளுவை உத்தமம். வறட்சி தாங்கும்; கொம்பாலேயே உண்டாகும். கோடையில் இலை உதிர்க்கும் குணம் உடையதாகையால், திரைக்கு அதனை மட்டும் நம்பக்கூடாது. களாச்செடியும் நல்ல முள்வேலியாகும். அதன் காயை ஊறுகாய்க்கு விற்கலாம். கழற்சிக்கொடி கிளுவையின் மேல் படர்ந்தால் அந்த வேலியில் கைவைக்க எவரும் அஞ்சுவர். ஆனைக்கற்றாழை கல்லாங்குத்து நிலத்திற்கு ஏற்றது. தாய்ச்செடியின் அடியில் வரும் கன்றுகளைப் பெயர்த்து நடலாம். மடலிலிருந்து நாரும் எடுக்கலாம்.

உள்வரிசைக்கு நொச்சியும் ஆடாதோடையும் மிகவும் பொருத்தம். ஆடு தொடாத இலை என்பதாலேயே அப்பெயர் வந்ததென்று நம் பெரியோர் சொல்வார்கள். இவை இரண்டும் கொம்பால் உண்டாகும். வெட்ட வெட்டத் தழைக்கும். வெட்டிய தழை உரத்திற்கும் மருந்துக்கும் உதவும். திருகுகள்ளி எக்காலமும் பசுமையாக நிற்கும். ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம் விளையும். பிள்ளைகள் நடமாடும் வழியோரத்தில் அதனை நடவேண்டாம். வெட்டுகிறவர் கண்ணைக் காத்துக்கொள்ள வேண்டும்.

அகத்தியும் சூபாபுல்லும் கால்நடைக்கு நல்ல தீவனமே. ஆனால் வேலியின் வெளிப்புறத்தில் நட்டால் மானுக்கு விருந்து வைத்ததாகும். அவற்றை நிலத்தின் நடுவே வைத்துக்கொள்ளுங்கள். மூங்கில் நேர்த்தியான திரைதான். எனினும் யானைக்கு மிகவும் பிரியமான உணவு. ஆகையால் யானை நடமாட்டமுள்ள பென்னாகரம், பாலக்கோடு காட்டோரங்களில் வேலிக்காக மூங்கில் நடுவது கூடாது.

சில செடிகளை ஒருக்காலும் நடவேண்டாம். வேலிக்கென்று வந்து ஊரையே விழுங்கிய செடிகளின் சரித்திரத்தை நாம் மறக்கலாகாது. அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி சென்னை மாகாணம் எங்கும் பரவி விளைநிலங்களை மூடிற்று. 1926-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து ஒருவகைச் செதிற்பூச்சியைக் கொணர்ந்து விட்டபிறகே அது அடங்கியது. உன்னிச்செடியும் அழகுக்காகவும் வேலிக்காகவும் கொண்டுவரப்பட்டதே. இன்று காட்டில் புல் முளைக்கவொட்டாமல் மூடிக்கொண்டு, மானின் மேய்ச்சலைக் கெடுக்கிறது. 1877-ஆம் ஆண்டில் இந்நாட்டிற்கு வந்த சீமைக்கருவேலின் கதை உங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே விதை பறந்தும், பறவை தின்றும், ஆடு தின்றும் பரவும் அயல்நாட்டுச் செடியை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நடும் முறை

வேலி போடும் வரியில் ஒன்றரை அடி அகலமும் ஓரடி ஆழமும் உள்ள வாய்க்கால் எடுத்து, மட்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்புங்கள். ஆடி, ஆவணி மாதங்களில் மண் நனைந்ததும் கிளுவைக் கொம்புகளை ஓரடிக்கு ஒன்றாக நடவேண்டும். இரண்டாம் வரிசையை ஒன்றரை அடி தள்ளி, முதல் வரிசையின் இடைவெளிக்கு நேராக நடவேண்டும். பெருவிரல் பருமனுக்குக் குறையாத முற்றிய கொம்பாக இருக்கட்டும். ஐப்பசி மழைக்குள் பட்டுப்போனவற்றை மாற்றி நடுங்கள். முதல் கோடையில் குடத்தால் தண்ணீர் ஊற்றுவதும், முதல் இரண்டு வருஷங்கள் ஆடு கடியாமல் காப்பதும் அவசியம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது வெட்டுதல். செடி உயரமாகப் போகட்டும் என்று விட்டுவிட்டால் நுனி மட்டும் தழைத்து அடி வெறுமையாகிவிடும். மான் தாண்டாத வேலியின் அடியில் பன்றி நுழையும். ஆகையால் முழங்கால் உயரத்திற்கு வந்ததும் நுனியை வெட்டுங்கள்; இடுப்பு உயரத்தில் மீண்டும் வெட்டுங்கள். அடியில் கிளைத்தபின்தான் மேலே வளரவிட வேண்டும். இவ்விதம் பராமரித்தால் மூன்று அல்லது நான்கு வருஷங்களில் ஆள் உயர வேலி நிற்கும்.

அதுவரையில் என்ன செய்வது? வருஷத்திரை போடுங்கள். நிலக்கடலையையும் பயறு வகைகளையும் சுற்றிச் சில வரிசை ஆமணக்கை நெருக்கமாக விதைத்தால் அது திரையாகவும் இருக்கும்; அதன் இலையைக் காட்டு மிருகங்கள் விரும்புவதில்லை; முத்தும் விலைபோகும்.

இவ்வேலி எல்லாவற்றையும் தடுக்கும் என்று நான் சொல்லவில்லை. மயில் பறந்து வரும். யானைக்கு எந்த முள்வேலியும் பொருட்டன்று. யானை வரும் வழியில் வாழையும் கரும்பும் போடாமலிருப்பதும், வந்தால் வன இலாகாவுக்கு உடனே தெரிவிப்பதுமே வழி. யானைகள் காலங்காலமாக நடக்கும் தடத்தை மறித்து எவ்வித வேலியும் போடக்கூடாது.

கூட்டாகச் செய்தால் வரும் லாபம்

இனி நான் நன்கறிந்த கணக்குக்கு வருகிறேன். சதுரமான ஓர் ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய 209 அடி. சுற்றளவு 836 அடி. பத்துப் பேர் தலைக்கு ஓர் ஏக்கர் வைத்திருந்து தனித்தனியே வேலி போட்டால் மொத்தம் 8,360 அடி வேலி வேண்டும். அந்தப் பத்து ஏக்கரும் ஒரே சதுரமாக இருந்து சுற்றி ஒரே வேலி போட்டால் பக்கத்திற்கு 660 அடியாக 2,640 அடி போதும். தலைக்கு 836 அடி என்பது 264 அடியாகக் குறைகிறது. நாற்பது ஏக்கரை ஒன்றாக வளைத்தால் சுற்றளவு 5,280 அடி, அதாவது சரியாக ஒரு மைல். ஏக்கருக்கு 132 அடிதான். தனியாகச் செய்கிறவர் செலவில் ஆறில் ஒரு பங்குகூட ஆகாது. இரண்டு வரிசைக்கும் சேர்த்துத் தனி ஏக்கருக்கு 1,672 கொம்புகள் வேண்டும். கூட்டாகச் செய்தால் ஏக்கருக்கு 264 கொம்புகள் போதும்.

நிலங்கள் அவ்வளவு சதுரமாக அமைவதில்லை என்பது உண்மையே. எனினும் கோணல் நிலத்திலும் இந்தக் கணக்கின் போக்கு மாறாது. ஒற்றுமை பெருகப் பெருக வேலியின் நீளம் தலைக்குக் குறைந்துகொண்டே போகும்.

ஆனால் இங்கே ஒரு தகராறு எழும். காட்டோரத்தில் மாமனுக்கு நிலம். அதற்கு உட்புறத்தில் மருமகனுக்கு நிலம் என்று வைத்துக்கொள்வோம்.

“மாமா, காட்டை ஒட்டியிருப்பது உங்க நிலமுங்க. வேலி உங்க பாடுங்க. என்னை ஏன் கேட்கறீங்க?” என்பார் மருமகன்.

“மாப்பிள்ளை, மான் என் நிலத்தோடு நின்று திரும்பிப் போய்விடுமா? நான் வேலி போடாவிட்டால் அது உன் அவரைக்காட்டில்தான் விடியும்” என்பார் மாமன்.

இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் மாமன் பேச்சிலேயே அதிகம் உண்டு. வேலிக்கு ஐந்தடி அகலம் நிலம் போகிறது. ஒரு மைல் வேலிக்கு அது ஏறக்குறைய 60 சென்ட் ஆகும். அந்த 60 சென்ட்டும் ஓரத்து நிலக்காரருடையது. உள்ளே இருப்பவர் ஓரடியும் இழப்பதில்லை. காவலோ நாற்பது ஏக்கருக்கும் சமம். ஆகையால் நாற்பது ஏக்கருக்கும் பங்கிட்டால் ஏக்கருக்கு ஒன்றரை சென்ட் வீதம் வரும் அந்த இழப்பை, உள்ளே இருப்பவர்கள் ரொக்கமாகவோ, தானியமாகவோ, வேலி வெட்டும் உழைப்பாகவோ ஓரத்தாருக்கு ஈடு செய்வதே முறை. இந்த நியாயத்தை முதலிலேயே எழுதிக் கையெழுத்திடாமல் வேலி போடத் தொடங்கினால், வேலி வளருமுன் விரோதம் வளர்ந்துவிடும்.

இந்த நாட்டில் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தது 1904-ஆம் ஆண்டில். அவ்வாண்டிலேயே நமது மாகாணத்தில் திரூரில் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. ஐக்கிய நாணய சங்கம் என்று நம் பாட்டன்மார் அழைத்த அச்சங்கங்களின் தத்துவம் இதுவே: ஒருவனால் ஆகாதது பலரால் ஆகும், அந்தப் பலரில் ஒவ்வொருவனும் தன் பங்கைக் கொடுத்தால். வேலி அந்தத் தத்துவத்திற்குக் கண்கண்ட உதாரணம். ஒரு மைல் வேலியில் ஒரே ஒருவர் தம் பங்கான 132 அடியை நடாமல் விட்டாலும், மற்றவர்கள் நட்ட 5,148 அடியும் வீணே. மான் அந்த வாசலைக் கண்டுபிடிக்க ஓரிரவுக்கு மேல் ஆகாது.

மின்கம்பியின் கொடுமை

நண்பர்களே, இனிச் சொல்லப்போவது மனவருத்தம் தரும் விஷயம். சொல்லாமல் விடவும் இயலாது. 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 7-ஆந் தேதி, நமது ஜில்லாவில் மாரண்டஅள்ளியை அடுத்த ஒரு நிலத்தில், பயிரைக் காப்பதற்காக இட்ட மின்கம்பியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. உடன் வந்த இரண்டு குட்டிகள் உயிர் தப்பின. நிலத்துக்காரர் கைதானார். அந்தச் செய்தி நாடெங்கும் பரவியது.

அந்த நிலத்துக்காரரைத் தூற்றுவது என் நோக்கமன்று. கண்முன்னே பயிர் அழிவதைக் காணும் குடியானவனின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். ஆனால் வீட்டு மின்சாரத்தையோ பம்பு செட்டு மின்சாரத்தையோ நேராகக் கம்பியில் விடுவது, இன்னார் என்று பாராமல் கொல்லும் காரியம். பன்றிக்கு வைத்தது யானையைக் கொல்லும். யானை வராத இரவில் தண்ணீர் பாய்ச்ச வரும் பங்காளியைக் கொல்லும். விடியற்காலையில் கன்றைத் தேடி வரும் வீட்டுப் பெண்ணைக் கொல்லும். அந்தப் பழியைச் சுமந்து எந்தக் குடும்பம் தழைக்கும்? எந்தச் சங்கம் அந்தக் குடும்பத்தின் கடனை வசூலிக்கும்?

சூரிய சக்தியால் இயங்கும் வேலி வேறு. அதில் மின்சாரம் விட்டுவிட்டுக் கணநேரமே பாய்வதால் மிருகம் அதிர்ச்சியடைந்து விலகுமேயன்றி மாளாது. அதனையும் மனம்போனபடி அமைக்கக்கூடாது. மின்வேலிகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்துவதற்கு நமது சர்க்கார் 2023-ஆம் ஆண்டில் விதிகள் ஏற்படுத்தியிருக்கிறார்கள். அதனை விரும்புவோர் முதலில் வன இலாகா அலுவலகத்தில் விசாரித்து, அனுமதி பெற்றே அமைக்க வேண்டும்.

பயிர்ச்சேதம் நேர்ந்துவிட்டால் வாளாவிருக்க வேண்டாம். வனவிலங்குகளால் உண்டாகும் சேதத்திற்குச் சர்க்கார் நஷ்ட ஈடு கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. சேதமான நிலத்தைத் திருத்துவதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலருக்கும் வனச்சரக அலுவலகத்திற்கும் எழுத்து மூலம் தெரிவித்து, நிலத்தைப் பார்வையிடச் செய்யுங்கள். எழுதத் தெரியாதவருக்குச் சங்கக் காரியதரிசி மனு எழுதிக் கொடுப்பதும் ஒரு சேவையே.

செய்யவேண்டுவன

இச்சங்கத்தாருக்கு நான் செய்துகொள்ளும் கோரிக்கைகள் நான்கு. முதலாவது, அடுத்த பொதுக்கூட்டத்தில் காட்டோர நிலங்களின் வரைபடத்தை வைத்து, எந்தெந்த நிலங்களை ஒரே வேலிக்குள் கொண்டுவரலாம் என்று தீர்மானித்து, ஐவர் கொண்ட வேலிக் கமிட்டி ஒன்று நியமியுங்கள். அக்கமிட்டியில் ஓரத்து நிலக்காரர் இருவரும், பெண் அங்கத்தினர் ஒருவரேனும் இருக்கட்டும். மாடு மேய்த்து, தழை அறுத்து, மிருகம் வரும் தடத்தை அறிந்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. இரண்டாவது, கிளுவை, நொச்சி, ஆடாதோடை ஏற்கெனவே வைத்திருக்கும் அங்கத்தினர்கள் தங்கள் வேலியை வெட்டும்போது கொம்புகளைக் கொளுத்தாமல் மற்றவர்களுக்குக் கொடுங்கள். மூன்றாவது, கூலியின்றி ஒருவருக்கொருவர் முறைவைத்து உழைத்து, ஒரு மழைக்காலத்திற்குள் ஒரு பக்கத்தையாவது நட்டு முடியுங்கள். நான்கு பக்கத்தையும் ஒரே வருஷத்தில் தொடங்கிப் பாதியில் விடுவதைவிட, காட்டை நோக்கிய பக்கத்தை முழுமையாக முடிப்பது மேல். அது ஆள் உயரத்திற்கு வளர்ந்தபின், மற்றப் பக்கங்கள் எழும்வரை அப்பக்கங்களில் மட்டும் காவல் இருந்தால் போதும். நான்காவது, மின்கம்பி இடுவதில்லை, கண்ணி வைப்பதில்லை என்று ஒரு தீர்மானம் எழுதி, அங்கத்தினர் அனைவரும் கையெழுத்திடுங்கள். சட்டத்திற்குப் பயந்து செய்யும் காரியத்தைவிட, ஊர் கூடிக் கொடுத்த வாக்குக்குக் கட்டுப்பட்டுச் செய்யும் காரியம் நிலைத்து நிற்கும்.

மான் நமக்குப் பகையன்று. அதற்குக் காட்டில் மறைவும் மேய்ச்சலும் இருக்கும்வரை நம் வயலை நாடவேண்டிய அவசியம் குறைவு. காட்டின் மறைவைக் காட்டுக்கே விட்டுவிட்டு, நம் எல்லையில் நம் மறைவை நாமே வளர்த்துக்கொண்டால், அதற்கும் உயிர் மிஞ்சும். நமக்கும் பயிர் மிஞ்சும். அடுத்த ஆடி மாதத்தில் நான் கணக்குப் பார்க்க வரும்போது, ரொக்கப் புத்தகத்தைப் பார்ப்பதற்கு முன் காட்டோரத்து வாய்க்காலைப் பார்க்க விரும்புகிறேன்.